நாலு எழுத்தும் ஒரு மஞ்சள் துணியும்

"கூட்டமான இடத்துக்குப் போய்விட்டு வந்தால் களைத்துப் போகிறீர்களா?"

என் தங்கச்சி மகள் கைப்பேசியைப் பார்த்து இதைக் கேட்டபோது, நான் அலோர் ஸ்டாரில் தங்கச்சி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை. மேசையில் தங்கச்சி, அவள் மகள், மகளைக் கட்டிய மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் அம்மா. மாப்பிள்ளையின் அம்மா கூலிமில் பல காலம் பள்ளிக்கூடக் கேண்டீன் நடத்தியவர். அவர் வாயைத் திறந்தால் ஒரு வகுப்பே வரிசையில் நிற்கும்.

"ஆமான்னு போடவா பெரியம்மா?"

"போடு."

என்ன கேள்வி அது. சுங்கைப்பட்டாணியிலிருந்து பஸ் ஏறி வந்த கிழவிக்குக் களைப்பு இல்லாமல் இருக்குமா?

"விருந்துக்குப் போனா புது ஆளுங்ககிட்ட நீங்களாப் போய் பேசுவீங்களா?"

"விருந்துல நான் எங்க இருந்தேன், அடுப்படியிலதான் இருந்தேன்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

தங்கச்சி மகள் ஒரு கிளினிக்கில் பெயர் பதிகிற வேலை செய்கிறாள். அங்கே வேலை செய்கிறவர்களுக்கு யாரோ ஒருவர் வந்து வகுப்பு நடத்தியிருக்கிறார். கேள்விகளுக்குப் பதில் சொன்னால், நாம் எந்த ரகத்து ஆள் என்று நாலு இங்கிலீஷ் எழுத்தில் வருமாம். அவளுக்கு வந்த எழுத்தை அவள் ஏற்கனவே எல்லாரிடமும் காட்டியிருந்தாள். பொழுதுபோக்காக எனக்கும் போட்டுப் பார்த்தாள். அவளுக்கு வந்த அதே நாலு எழுத்து எனக்கும் வந்தது.

"பெரியம்மா, நீங்களும் நானும் ஒரே செட்டு லா" என்று என் தோளில் சாய்ந்து சிரித்தாள். பிறகு கீழே எழுதியிருந்ததைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். அமைதியானவர்கள். நெருங்கிய சிலரோடு மட்டும் பழகுவார்கள். சத்தம் பிடிக்காது. இந்த ரகத்து ஆட்களில் பலர் பிள்ளை பெற்றுக்கொள்வதை...

அங்கே நிறுத்திவிட்டாள். ஆனால் நேரம் கடந்துவிட்டது.

"ஏன் நிறுத்துற? முழுசாப் படி" என்றார் மாமியார்.

"ஒண்ணுமில்ல அத்த, சும்மா போட்டிருக்கான்."

"பெத்துக்கறத வேணாம்னு சொல்வாங்கன்னுதான போட்டிருக்கான்? எனக்கும் இங்கிலீஷ் தெரியும் லா." கையைத் துடைத்துக்கொண்டு அவர் என்னைப் பார்த்தார். "அதான பார்த்தேன். எங்கேர்ந்து வந்துச்சுன்னு இப்பத்தான் தெரியுது."

தங்கச்சி மகளும் மாப்பிள்ளையும் கல்யாணமாகிப் பல வருஷம் ஆகியும் பிள்ளை வேண்டாம் என்று இருக்கிறார்கள். அந்த வீட்டில் அதுதான் பெரிய சண்டை. அதுவரை அந்தச் சண்டையில் என் பெயர் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை சேர்ந்துவிட்டது. என் தங்கச்சி என்னைப் பார்த்தாள். திட்டுகிற பார்வை இல்லை. தொலைந்த சாமான் இங்கே இருந்ததா என்பது போன்ற பார்வை. அதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது.

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. குழம்பில் கிடந்த வெண்டைக்காயைத் தின்றுவிட்டுத் தட்டைக் கழுவினேன். பஸ்ஸில் வரும்போதுதான் கோபம் ஏறியது. அந்தக் கோபம் இன்னும் இறங்கவில்லை. நான் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள். ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரை எழுத்துக்கூட்டிப் படிப்பேன், அவ்வளவுதான். இருந்தாலும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் கூச்சக்காரி என்பது உண்மை. சின்ன வயதில் ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வீட்டு வாசலைக் கடக்க வேண்டியிருந்தால் சுற்றிக்கொண்டு பால்மரக் காட்டு வழியாகப் போவேன். இன்றைக்கும் கிளினிக்கில் என் எண்ணைக் கூப்பிட்டால் எழுந்திருக்க ஒரு நிமிடம் ஆகும். அதை யார் வேண்டுமானாலும் எந்த எழுத்தில் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும். ஆனால் நான் பிள்ளை பெறாததை அந்த எழுத்தில் எழுத யாருக்கும் உரிமை இல்லை. கூச்சம் எனக்குப் பிறவியில் வந்தது. பிள்ளை வேண்டாம் என்றது நானாக யோசித்து எடுத்த முடிவு. இரண்டையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் கிண்டினால் எப்படி?

எங்கள் தோட்டத்தில் லயத்து வீட்டு வரிசையில் கடைசி வீட்டில் ஒரு அக்கா இருந்தார். என்னைவிடக் கூச்சம். கங்காணி பெயர் கூப்பிட்டால் சேலைத் தலைப்புக்குள்ளிருந்துதான் பதில் வரும். அவருக்கு ஒன்பது பிள்ளைகள். ஒன்பதையும் நான் தூக்கியிருக்கிறேன். இவ்வளவு கூச்சப்படுகிறாயே, அதனால்தான் ஒன்பது பெற்றாயா என்று யாராவது அவரைக் கேட்டார்களா? கேட்கவில்லை. பெற்றவளிடம் யாரும் காரணம் கேட்பதில்லை.

அதே லயத்தில் இன்னொரு அக்கா. தண்ணீர்க் குழாயடியில் அவர் போடும் சத்தம் ரோட்டுக் கடைவரை கேட்கும். அவருக்கும் பிள்ளை வேண்டாம் என்றுதான் எண்ணம். அதை ஒளிக்கவும் மாட்டார். "எனக்கு வேணாம்டி, ஆசப்படுறவ பெத்துக்கங்க" என்று குடத்தை இடுப்பில் வைத்தபடியே சொல்வார். அவரை என்ன சொன்னார்கள் தெரியுமா? திமிர் என்றார்கள். சத்தம் போட்டவளுக்குத் திமிர், சத்தம் போடாதவளுக்குக் கூச்சம். நடுவில் ஒருத்தி இருந்திருந்தால் அவளுக்கும் ஒன்று வைத்திருப்பார்கள்.

பிள்ளைகள் என்றால் எனக்கு ஆகாது என்றும் ஒரு பேச்சு உண்டு. பள்ளிக்கூடத்தை விட்டதும் நான் போனது ஆயாக் கொட்டகைக்கு. விடியுமுன் பால்மரம் வெட்டிப் பால் எடுக்கப் போகிற தாய்மார்கள் கைக்குழந்தைகளைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போவார்கள். வரிசையாகச் சேலைத் தொட்டில் தொங்கும். ஒரு கையில் ஒரு தொட்டிலையும் காலில் ஒரு தொட்டிலையும் ஆட்டிக்கொண்டு மூன்றாவதுக்குப் பால் புகட்டுவேன். எந்தப் பிள்ளை குப்புறப் படுத்தால் தூங்கும், எதற்குக் காதைத் தடவ வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். பிள்ளைகளோடு இருக்கும்போது மட்டும் என் கூச்சம் எங்கே போகும் என்றே தெரியாது. பாடுவேன், ஆடுவேன், கோழி மாதிரிக் கூவுவேன். கிராணி எட்டிப் பார்த்தால்தான் நிறுத்துவேன்.

இதைச் சொன்னால் உடனே, "அப்படின்னா நெறையா வளர்த்து அலுத்துப் போச்சு, அதான்" என்பார்கள். அதுவும் இல்லை. அலுக்கவில்லை. எனக்கென்று ஒன்று வேண்டும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான். நான் தேத்தண்ணியில் சீனி போட்டுக்கொள்வதில்லை. என்ன துக்கத்தில் போடவில்லை என்று யாரும் கேட்டதில்லை. இதற்கு மட்டும் எல்லாரும் என் முகத்தைப் பார்த்து ஒரு துக்கம் வருமா என்று காத்திருக்கிறார்கள்.

இப்போது என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இந்த நாலு எழுத்துக்காரர்களுக்கு அவர் பதில்.

அவர் எனக்கு நேர் எதிர். தோட்டத்து நாடகம் என்றால் கோமாளி வேஷம் அவருக்குத்தான். செத்த வீட்டிலும் நாலு பேரைச் சிரிக்க வைத்துவிட்டு வருவார். தோட்ட வேலையை விட்டபிறகு தஞ்சோங் டாவாய் கடற்கரைக்குப் போய்க் கருவாடும் நெத்திலியும் எடுத்து, மோட்டார் சைக்கிளில் கூடை கட்டித் தோட்டம் தோட்டமாக விற்றார். அவர் ஹாரன் சத்தம் கேட்டால் லயத்துப் பிள்ளைகள் எல்லாம் ஓடிவரும். ஒவ்வொன்றையும் பெட்ரோல் டாங்கியில் உட்கார வைத்து ஒரு சுற்று சுற்றிக் காட்டிவிட்டுத்தான் வியாபாரம்.

எங்களுக்குக் கல்யாணமான புதிது. லயத்துக்குப் பின்னால் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று, "இந்தா, ஒண்ணு கேக்கட்டா?" என்றார்.

நான் நிமிர்ந்தேன்.

"எனக்குப் புள்ளைங்கன்னா உசுரு. ஒனக்கே தெரியும். ஆனா நமக்குன்னு ஒண்ணு வேணுமான்னு யோசிச்சுப் பார்த்தா, வேணாம்னுதான் படுது. ஒனக்கு எப்படி?"

என் நெஞ்சில் இருந்ததை இன்னொருவர் வாயில் கேட்கிறேன். தலையை ஆட்டினேன்.

"தலைய ஆட்டாத. நீ எல்லாத்துக்கும் ஆட்டுவ. நாளைக்கு நான் சொன்னதுக்காக ஒத்துக்கிட்டேன்னு ஆயிடக்கூடாது. வாயத் தொறந்து சொல்லு."

"எனக்கும் வேணாம்" என்றேன்.

"கேக்கல."

"எனக்கும் வேணாம்னேன்."

பக்கத்து வீட்டுக் கோழிகள் ஓடின. நான் என் வாழ்க்கையில் அவ்வளவு சத்தமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் சைக்கிள் மணியை ஒரு தட்டுத் தட்டிவிட்டு மறுபடி கழுவ ஆரம்பித்தார்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிள்ளை தள்ளிப்போட மாத்திரை கொடுப்பார்கள். நான் போய்க் கேட்டபோது நர்ஸ் மிஸ்ஸி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எத்தன புள்ள?"

"இல்ல."

"புள்ளையே இல்லாதவளுக்கு மாத்திர எதுக்கு? புருஷனுக்குத் தெரியுமா? போய்க் கூட்டிட்டு வா."

மறுநாள் அவர் வந்தார். "குடுங்க மிஸ்ஸி. அவளுக்குக் குடுக்க மாட்டேன்னா எனக்குக் குடுங்க, நான் முழுங்குறேன். யார் முழுங்குனாலும் பிள்ள வராம இருந்தாச் சரி" என்றார். மிஸ்ஸிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மாத்திரையைக் கொடுத்தார். அவர் சொன்னதும் கிடைத்தது, நான் கேட்டபோது கிடைக்கவில்லை என்பதை நான் அப்போதே கவனித்தேன்.

இதில் எனக்கு ஆறாத சங்கதி ஒன்று உண்டு. முதலில் வேண்டாம் என்றது அவர். அதை அவர் மறைக்கவும் இல்லை. கள்ளுக்கடையில், கோயிலில், யார் கேட்டாலும் "எங்களுக்கு வேணாம்னு முடிவு பண்ணிட்டோம் லா" என்று சொல்வார். எல்லாரும் சிரிப்பார்கள். பொண்டாட்டியைக் காப்பாற்றப் பொய் சொல்கிறார், நல்ல மனுஷன் என்பார்கள். அதே மூச்சில் என்னைப் பார்த்து, "இம்புட்டு வெட்கப்பட்டா எப்படிடி புள்ள வரும்" என்பார்கள். கங்காணி மனைவி இதைக் குழாயடியில் எல்லார் முன்னாலும் கேட்டார். அவர் கலகலப்புக்கும் பிள்ளை இல்லாததற்கும் யாராவது முடிச்சுப் போட்டார்களா? அவர் உண்மையைச் சொன்னாலும் அது தமாஷ். நான் சும்மா நின்றாலும் அது காரணம்.

தங்கச்சிக்கு வளைகாப்பு நடந்தது. இந்த மகள்தான் வயிற்றில். கலவைச் சோறு அத்தனையும் நான் கிண்டினேன். சந்தனம் அரைத்தேன். வளையல் போட என் முறை வந்தபோது, கங்காணி மனைவி என் மணிக்கட்டைப் பிடித்து, "நீ வேணாம்மா, தப்பா நெனச்சுக்காத" என்றார். நான் வளையலைத் தட்டில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். அங்கிருந்தே கேட்டது என் வீட்டுக்காரர் குரல். "அப்போ நான் போடலாமா? நானும்தான் பெக்கல." அந்தக் கண்ணாடி வளையலைத் தன் கையில் மாட்ட முயன்று இரண்டை உடைத்துவிட்டாராம். எல்லாரும் சிரித்தார்களாம். நான் மட்டும் சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் நின்றேன்.

அந்த வயிற்றில் இருந்தவள் பிறந்து, பள்ளி விடுமுறைக்கெல்லாம் எங்கள் வீட்டில் இருந்து, கருவாட்டுக் கூடைக்கு முன்னால் டாங்கியில் உட்கார்ந்து ஊர் சுற்றியவள். என்னோடு பழகித்தான் இந்தக் குணம் ஒட்டிக்கொண்டது என்று இப்போது கண்டுபிடித்திருக்கிறார்கள். அவரோடு பழகியதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. அவர் காலமாகிச் சில வருஷம் ஆகிறது. இருந்திருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமையே கைப்பேசியை வாங்கித் தனக்கும் போட்டுப் பார்த்திருப்பார்.

அந்த ஞாயிறோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். மாமியார் விடவில்லை. கூலிமில் அவர் நம்புகிற ஒரு ஜோசியர் இருக்கிறார். மகன் ஜாதகம், மருமகள் ஜாதகம் இரண்டையும் எடுத்துக்கொண்டு போனவர், கூடவே அந்த நாலு எழுத்தையும் கொண்டுபோயிருக்கிறார். ஜோசியரும் அதைத் தள்ளவில்லை. கட்டத்துக்குப் பக்கத்தில் அழகாக எழுதிக்கொண்டு, விரல் விட்டுப் பார்த்து, "பொண்ணோட தாய் வீட்டுல இதே எழுத்துல இன்னொரு பொம்பள இருக்கணுமே" என்றாராம். என்னைப் பற்றி மாமியாரே சொன்னதை அவரிடமே திருப்பிச் சொன்னால் எப்படித் தவறும்? பரிகாரமும் சொன்னார். ஆடி வெள்ளிக்கிழமையில், அந்தப் பொம்பளை தன் கையால் அம்மன் மரத்தில் தொட்டில் கட்ட வேண்டும். தான் பிள்ளை வேண்டாம் என்றதற்கு அம்மனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். மருமகளும் மகனும் பக்கத்தில் நிற்க வேண்டும். அப்போதுதான் கட்டு விலகும்.

நான் யாருக்கு என்ன கட்டுப் போட்டேன்?

தங்கச்சி போன் பண்ணினாள். தஞ்சோங் டாவாயிலிருந்து பழக்கக்காரர் கொடுத்த நெத்திலியை மடியில் வைத்துத் தலை கிள்ளிக்கொண்டிருந்தேன்.

"ஒரு முடிச்சுதானக்கா. கட்டிட்டுப் போயேன்."

"மன்னிப்புக் கேக்கணுமாமே."

"அம்மன்கிட்ட கேட்டா என்னக்கா கொறஞ்சுடும்? இந்த ஆடியில கட்டலன்னா மகனக் கூலிமுக்கே கூட்டிட்டுப் போயிடுவேன், மத்தத அப்புறம் பேசிக்கலாம்ங்குறாங்க. எனக்கு ஒடம்பெல்லாம் நடுங்குது."

"பார்க்கலாம்" என்றேன். நான் பார்க்கலாம் என்றால் சரி என்று அர்த்தம் என்பது எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். அவள் நிம்மதியாகப் போனை வைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் அவள் மகள் கூப்பிட்டாள். அழவில்லை. அவள் குரல் கிளினிக்கில் பேசுகிற குரலாக இருந்தது.

"கட்டிடுங்க பெரியம்மா. சண்ட போட்டுப் போட்டு எனக்கு அலுத்துப் போச்சு."

"கட்டுனா முடிஞ்சிருமா?"

"எங்க முடியும்? கட்டுன நாள்லேர்ந்து மாசாமாசம் என் வயித்தப் பார்ப்பாங்க. இப்பவாச்சும் எனக்கு மனசு இல்லங்குறாங்க. அப்புறம் அம்மனே குடுத்தும் இவ தடுக்குறான்னு ஆயிடும். கோயில்ல நேர்ந்தது பெரியம்மா. நேர்ந்துட்டா யாரும் நம்ம பக்கம் நிக்க மாட்டாங்க. அம்மாகூட."

அவள் சொன்னது உண்மை. எங்கள் சனங்களிடம் யார் யாருக்காகவும் நேர்ந்துகொள்ளலாம். கேட்க வேண்டியதில்லை. ஆனால் நேர்ந்துவிட்டால், நேர்ந்தவர் தப்பித்துக்கொள்வார். யார் பெயரில் நேர்ந்தார்களோ அவர்தான் ஆயுசுக்கும் கடன்பட்டவர்.

"மாப்பிள்ள என்ன சொல்றாரு?" என்று கேட்டேன்.

"தலைய ஆட்டுறாரு. எங்கிட்டயும் ஆட்டுறாரு, அவங்கம்மாகிட்டயும் ஆட்டுறாரு. மொதல்ல வேணாம்னு சொன்னதே அவருதான் பெரியம்மா. கல்யாணத்துக்கு முன்னாடியே. அத மட்டும் யாருக்கும் தெரியாது."

போனை வைத்தபிறகு பார்த்தால், நெத்திலியில் தலையைத் தட்டில் போட்டு உடம்பைக் குப்பையில் போட்டிருந்தேன்.

ஆடி வெள்ளி வந்தது. கோயில் எங்கள் பழைய தோட்டத்தில்தான். பால்மரம் போய் எல்லாம் எண்ணெய்ச் செம்பனை ஆகிவிட்டது. லயமும் இல்லை, ஆயாக் கொட்டகையும் இல்லை. கோயிலும் வேப்ப மரமும் மட்டும் இருக்கின்றன. விசேஷத்துக்குச் சனங்கள் டவுனிலிருந்து மோட்டார் காடியில் வருகிறார்கள். மரத்தில் எங்கே பார்த்தாலும் தொட்டில். மஞ்சள் துணி, சின்ன மரத் தொட்டில், வெயிலில் வெளுத்துப்போனது, நேற்றுக் கட்டியது. ஆசைப்பட்டுக் கட்டியவர்களைப் பற்றி நான் ஒரு சொல் சொல்ல மாட்டேன். அவர்களில் சிலர் அழுததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்த அழுகைக்கு நடுவில் போய் வேண்டாதவள் பெயரில் ஒன்றைக் கட்டச் சொல்கிறார்களே என்றுதான் எனக்கு வயிறு எரிந்தது.

கூழ் காய்ச்சியிருந்தார்கள். பெண்கள் பாத்திரத்தோடு வரிசையில் நின்றார்கள். பூசாரி முன்பு என் மடியில் கிடந்த பிள்ளை. இப்போது தலை நரைத்துவிட்டது. "வாங்க ஆயா, பசியாறிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுத் தட்டை எடுக்கப் போனார். என் தங்கச்சி என் முகத்தைப் பார்க்காமல் நின்றாள். அவள் மகள் பச்சைச் சேலையில் நேராக நின்றாள். மாப்பிள்ளை ஓரமாக, காடிச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றார்.

மாமியார் ஒரு மஞ்சள் துணியையும் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பொம்மையையும் என் கையில் வைத்தார்.

"பொம்மைய உள்ள வச்சு, மூணு முடிச்சுப் போடுங்க அக்கா. போடும்போது சொல்லணும். நான் வேணாம்னு சொன்னது தப்பு தாயே, அந்தப் பாவம் இந்தப் புள்ளயப் புடிக்க வேணாம்னு. சத்தமா சொல்லுங்க, எல்லாரும் கேக்கணும்."

கூழ் வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மனைப் பார்த்தேன். நான் சின்னப் பெண்ணாக இருந்ததிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிற அம்மன். அவளுக்குத் தெரியாத எதை நான் சத்தமாகச் சொல்ல வேண்டும்? அந்தக் கோபம் மட்டும் வரவில்லையென்றால் நான் கட்டியிருப்பேன். கூச்சம் அப்படிப்பட்டது. எல்லாரும் பார்க்கும்போது சொன்னதைச் செய்துவிட்டு ஓடிவிடத் தோன்றும்.

"தம்பி, கொஞ்சம் இங்க வாங்க" என்றேன்.

மாப்பிள்ளை சாவியை நிறுத்தினார். கிட்டத்தில் வந்தார்.

"எங்கிட்டப் போன்ல கேள்வி கேட்டாங்க. ஒங்க சம்சாரத்துகிட்டயும் கேட்டாங்க. ஒங்ககிட்ட யாரும் கேக்கல. நான் கேக்குறேன். ஒங்களுக்குப் புள்ள வேணுமா?"

அவர் தன் அம்மாவைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். தலையை ஆட்டினார். ஆமாமா இல்லையா என்று யாருக்கும் தெரியாத ஆட்டல்.

"தலைய ஆட்டாதீங்க தம்பி. வாயத் தொறந்து சொல்லுங்க."

சொன்னபிறகுதான் அது யார் பேச்சு என்று எனக்கே உறைத்தது.

"வேணாம் பெரியத்த" என்றார்.

"கேக்கல."

"வேணாம்னேன்." கூழ் ஊற்றிக்கொண்டிருந்த அகப்பை நின்றது.

மாமியார் சட்டென்று இடையில் வந்தார். "நீ சும்மா இரு லா. அவ சொல்லிக் குடுத்தத ஒப்பிக்கிற."

"இல்லம்மா. நாந்தான் மொதல்ல சொன்னேன். கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லித்தான் கட்டிக்கிட்டேன். அவள ஒண்ணும் சொல்லாதீங்க."

மாப்பிள்ளை அழுவாரோ என்று பயந்தேன். அழவில்லை. சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, நடந்துபோய் மனைவிக்குப் பக்கத்தில் நின்றார். வெளியில் தெரிந்தது அவ்வளவுதான். அவள் அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. ஆனால் அவ்வளவு நேரம் விறைப்பாக இருந்த தோள் இறங்கியதை நான் பார்த்தேன். என் தங்கச்சியும் பார்த்தாள்.

பூசாரி கற்பூரத் தட்டோடு வந்து, "கட்டறதா, இல்லையாம்மா? கூழ் ஆறுது" என்றார்.

துணியையும் பொம்மையையும் மாமியார் கையில் திருப்பிக் கொடுத்தேன். "இது ஒங்க வேண்டுதல் சம்பந்தியம்மா. கட்டறதா இருந்தா நீங்களே கட்டிக்கங்க."

"இந்த வயசுலயா?" என்றது வரிசையிலிருந்து ஒரு குரல். பெண்கள் சிரித்துவிட்டார்கள். நான் சிரிக்க வைக்கச் சொல்லவில்லை. ஆனால் இந்த முறை அந்தச் சிரிப்பு என் பக்கம் இருந்தது. வாழ்நாளில் அந்த ஒரு நாள்தான்.

மாமியார் துணியைப் பூசாரி தட்டில் போட்டுவிட்டுக் காடியில் போய் உட்கார்ந்துகொண்டார். கூழ் குடிக்கவில்லை. தங்கச்சி மகள் இரண்டு சட்டி குடித்தாள்.

மாமியார் மகனைக் கூலிமுக்குக் கூட்டிக்கொண்டு போகவில்லை. கூப்பிட்டுப் பார்த்தார், மகன் போகவில்லை. அவர்கள் அலோர் ஸ்டாரில்தான் இருக்கிறார்கள். மாமியார் வருவதும் போவதும் நடக்கிறது. மாசாமாசம் வயிற்றைப் பார்க்கும் கணக்கு மட்டும் தொடங்கவே இல்லை, கோயிலில் நேர்ந்துகொள்ளவில்லை அல்லவா. நான் போயிருக்கும் நாளில் அவர் என்னோடு பேசுவதில்லை. தங்கச்சியிடம்தான் சொல்கிறாராம்.

"ஊமச்சி மாதிரி இருந்துக்கிட்டு ஆளு முன்னாடி எம்மானத்த வாங்கிட்டாங்க பாரு. அந்தப் போன்ல தப்பா வந்திருக்கு. அவங்க அந்த டைப்பே இல்ல. மறுபடியும் போட்டுப் பார்க்கச் சொல்லு."

தங்கச்சி இதைச் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேட்டது ஒரே ஒரு கேள்வி. அதுவும் கேட்க வேண்டிய ஆளிடம் கேட்டேன். அதற்கும் எனக்குத்தான் வேறு எழுத்துத் தேடுகிறார்கள். வேண்டாம் என்று வாயைத் திறந்து சொன்ன மகனுக்கு என்ன எழுத்து என்று அவர் இன்றுவரை கேட்கவே இல்லை.